வணிகமும் வாழ்வும்: எல்.சி. இருந்தும் வங்கி பணம் தர மறுத்தால்...



ஆம்பூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதத்தின் சாரம் இது: "என் கணவரும் மைத்துனரும் 'அப்பர்' எனப்படும் காலணி மேற்பாகங்களைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். எல்.சி. கைக்கு வந்த பிறகே சரக்கைக் கப்பலேற்றினார்கள். சரக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது அங்குள்ள வங்கி, தாள்களில் பிழை இருப்பதாகக் கூறிப் பணம் தர மறுக்கிறது. வாங்கியவரோ, விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் தாள்களை ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். தையற்காரர்களுக்குக் கூலி கொடுக்க என் வளையல்கள் போய்விட்டன. வங்கிக்கு இப்படி மறுக்க உரிமை உண்டா? மறுத்தால் கேட்பாரே இல்லையா?"

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று தோல் வணிகத்தை நம்பி வாழும் ஊர்கள் அனைத்திலும் எழக்கூடிய கேள்வி இது. விடையைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். தாள்கள் எல்.சி. கேட்டபடியே இருக்குமானால், மறுக்க வங்கிக்கு உரிமை இல்லை. மறுத்தால் அது இழப்பீடு தந்தே ஆக வேண்டும். தாள்களில் உண்மையாகவே முரண்பாடு இருக்குமானால் வங்கி மறுக்கலாம். ஆனால் அந்த மறுப்பையும் உரிய நாளுக்குள், உரிய முறையில் சொல்லியாக வேண்டும். சொல்லத் தவறினால் மறுக்கும் உரிமை அதன் கையை விட்டுப் போய்விடும். விரிவாகப் பார்ப்போம்.

எல்.சி. என்பது யாருடைய வாக்கு?

'லெட்டர் ஆஃப் கிரெடிட்' என்பதன் சுருக்கமே எல்.சி. கடனுறுதிக் கடிதம் என்று தமிழில் சொல்லலாம். முன்பின் அறியாத இருவர் கடல் கடந்து வாணிகம் செய்யும்போது, 'பணம் வந்தால்தான் சரக்கு' என்கிறார் விற்பவர். 'சரக்கு வந்தால்தான் பணம்' என்கிறார் வாங்குபவர். இந்த முடிச்சை அவிழ்க்க வாங்குபவரின் வங்கி நடுவே வருகிறது. 'இன்ன தேதிக்குள் இன்னின்ன தாள்களை என்னிடம் கொண்டுவந்தால், நானே பணம் தருகிறேன்' என்று விற்பவருக்கு எழுத்தில் வாக்களிக்கிறது.

'நானே' என்னும் சொல்லைக் கவனியுங்கள். நம் ஃபிக்ஹு நூல்களில் படிக்கும் கஃபாலா எனும் பிணையில், பிணை நிற்பவரின் பொறுப்பு மூலக் கடனைப் பற்றியே நிற்கும். கடன் நீங்கினால் பிணையும் நீங்கும். எல்.சி. அப்படிப்பட்டதன்று. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே என்ன வழக்கு இருந்தாலும், வங்கியின் வாக்கு தனித்தே நிற்கும். 'சரக்கு எனக்குப் பிடிக்கவில்லை, பணம் தராதே' என்று வாங்குபவர் சொன்னால், அதைக் காரணம் காட்டி வங்கி கையை விரிக்க முடியாது.

பாரிஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வணிகச் சங்கம் 1933இல் எல்.சி.க்கான பொது விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்ட அவ்விதிகளின் 'யு.சி.பி. 600' என்னும் வடிவம் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் 39 பிரிவுகள் உள்ளன. இது எந்த அரசும் இயற்றிய சட்டமன்று. 'இந்த எல்.சி. யு.சி.பி. 600க்கு உட்பட்டது' என்று கடிதத்திலேயே எழுதப்படுவதால் அது வங்கியைக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் எல்.சி.யில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சென்னை வேர்க்கடலை சொல்லும் பாடம்

வங்கி பார்ப்பது தாளை, சரக்கையன்று. இதன் கடுமையை விளக்க, நம் சென்னைத் துறைமுகத்தோடு தொடர்புடைய ஒரு வழக்கே இருக்கிறது.

1940 மார்ச்சு இறுதியில், டென்மார்க் நாட்டின் ஆர்ஹூஸ் நகரத்து எண்ணெய் ஆலை ஒன்றுக்காக இலண்டனிலுள்ள ஹாம்ப்ரோஸ் வங்கி ஓர் எல்.சி. கொடுத்தது. ஏறத்தாழ 1,400 டன் 'கோரமண்டல் நிலக்கடலை' சென்னையில் கப்பலேற்றப்பட வேண்டும் என்பது அதன் வாசகம். விற்றவர்களான ரெய்னர் நிறுவனத்தார் தாள்களைக் கொண்டுவந்தனர். விலைப்பட்டியலில் 'கோரமண்டல் நிலக்கடலை' என்றே இருந்தது. ஆனால் கப்பல் கம்பெனி தந்த ஏற்றுச்சீட்டில் 'இயந்திரத்தால் தோல் நீக்கிய நிலக்கடலைப் பருப்பு' என்று எழுதப்பட்டிருந்தது. வங்கி பணம் தர மறுத்தது.

இதற்கிடையில் ஏப்ரல் 9ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கினுள் புகுந்துவிட்டன என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அந்நிலையில் விற்றவருக்கு எஞ்சிய நம்பிக்கை வங்கியின் வாக்கு ஒன்றுதான்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. கடலை வணிகத்தில் இரு பெயர்களும் ஒரே பொருளையே குறிக்கும் என்று சாட்சியம் தரப்பட்டது. முதல் நீதிபதி அதை ஏற்று விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆனால் 1942இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஒரு வங்கி எத்தனையோ வணிகங்களுக்குப் பணம் தருகிறது. ஒவ்வொரு வணிகத்தின் வழக்காறுகளையும் வங்கிக்காரர் கற்றுவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது நீதிபதிகள் கண்ட காரணம். வங்கியின் மறுப்பு செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

நம் ஊர்களிலேயே ஓரிடத்தில் வேர்க்கடலை, ஓரிடத்தில் மணிலா, ஓரிடத்தில் மல்லாட்டை என்கிறோம். கடைக்காரருக்கு மூன்றும் ஒன்றே. வங்கி மேசையில் அமர்ந்திருப்பவருக்கு அவை மூன்று சொற்கள்.

இன்றைய விதிகள் அக்காலத்தை விடச் சற்று இளகியுள்ளன. விலைப்பட்டியலில் மட்டும் சரக்கின் விவரம் எல்.சி.யோடு ஒத்திருக்க வேண்டும். மற்றத் தாள்களில் பொதுவான சொற்களில் இருக்கலாம், எல்.சி.க்கு முரணாக மட்டும் இருக்கக் கூடாது. பொருளை மாற்றாத எழுத்துப் பிழைக்காக மறுப்பதும் முறையாகாது. 2013இல் அச்சங்கம் வெளியிட்ட நடைமுறைத் தொகுப்பு இதற்கு எடுத்துக்காட்டே தருகிறது. 'மெஷின்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஓரெழுத்து மாறினால் அது முரண்பாடன்று. 'மாடல் 321' என்பது 'மாடல் 123' என்றானால் அது முரண்பாடு.

மறுப்பதற்கும் முறை உண்டு

சகோதரியின் கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காத செய்தி ஒன்று உண்டு. தாள்கள் அந்த வங்கிக்கு எந்த நாளில் சென்றன, மறுப்பு எந்த நாளில் வந்தது என்பதே அது. வழக்கின் உயிர் பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளில்தான் இருக்கும்.

யு.சி.பி. 600இன் 14, 16ஆம் பிரிவுகளின்படி, தாள்கள் கிடைத்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி வேலை நாள்களுக்குள் வங்கி முடிவு செய்தாக வேண்டும். மறுப்பதானால் ஒரே அறிவிப்பில் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும். ஒன்று, பணம் தர மறுக்கிறோம் என்பது. இரண்டு, எந்தெந்த முரண்பாடுகளுக்காக என்பது. ஒவ்வொன்றையும் குறிப்பிட வேண்டும். மூன்று, தாள்களை என்ன செய்கிறோம் என்பது. கையில் வைத்திருக்கிறோமா, திருப்பி அனுப்புகிறோமா என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இன்று இரண்டு குறை, அடுத்த வாரம் மேலும் மூன்று குறை என்று தவணை முறையில் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது. முதல் அறிவிப்பில் சொல்லாததைப் பின்னர் சொல்லிப் பயனில்லை. வாங்குபவரிடம் 'இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்கிறீர்களா?' என்று வங்கி கேட்கலாம். ஆனால் அவர் விடை தரும் வரை ஐந்து நாள் கெடு நின்று காத்திருக்காது. கெடு தவறினால், தாளில் உண்மையாகவே பிழை இருந்தாலும் 'பிழை இருக்கிறது' என்று வாதிடும் உரிமையை வங்கி இழக்கிறது.

1985இல் நியூயார்க்கில் தீர்ப்பான வழக்கு ஒன்றில் இதை அனுபவித்தது நம் அண்டை மாநிலத்து வங்கியே. கேரளத்தின் பேங்க் ஆஃப் கொச்சின் கொடுத்த எல்.சி.யின்படி, நியூயார்க்கின் மானுஃபாக்சரர்ஸ் ஹானோவர் வங்கி விற்றவருக்குப் பணம் கொடுத்துவிட்டது. தாள்களில் முரண்பாடுகள் இருந்தன. ஆனால் கொச்சி வங்கி அவற்றை உரிய காலத்தில், உரிய முறையில் தெரிவிக்கவில்லை. அன்று ஐந்து நாள் என்ற எண் விதியில் இல்லை. தாமதமின்றிச் சொல்ல வேண்டும் என்றே இருந்தது. அந்தத் தாமதமே கொச்சி வங்கியின் வழக்கைத் தோற்கடித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நிலைத்தது.

தவறாக மறுத்த வங்கி என்ன தர வேண்டும்?

இதற்கு வழிகாட்டும் பழைய தீர்ப்பு, 1922ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்ட அறிக்கையில் உள்ளது. உர்குஹார்ட் லிண்ட்சே என்னும் நிறுவனம் கல்கத்தாவின் சணல் ஆலை ஒன்றுக்கு இயந்திரங்களைத் தவணை தவணையாகச் செய்து அனுப்ப ஒப்பியது. ஈஸ்டர்ன் வங்கி மாற்றவியலாத எல்.சி. கொடுத்தது. முதல் இரு தவணைகளுக்குப் பணம் வந்தது. பிறகு, கூலியும் மூலப்பொருள் விலையும் ஏறியதற்காக விற்றவர் கூடுதலாகச் சேர்த்த தொகைக்குக் கல்கத்தாவினர் ஆட்சேபம் சொன்னார்கள். அவர்கள் சொற்படி வங்கி அடுத்த தவணையைத் தர மறுத்தது.

நீதிபதி ரௌலட் வங்கியைப் பொறுப்பாளியாக்கினார். விலை கூடியது சரியா தவறா என்பது விற்றவரும் வாங்கியவரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டியது. தாள்கள் சரியாக இருக்கும்போது வங்கி அதில் தலையிட இடமில்லை. அதற்கு மேலும் அவர் சென்றார். ஒரு தவணையை மறுத்ததன் மூலம் வங்கி தன் வாக்கு முழுவதையுமே முறித்துவிட்டதாக விற்றவர் கொள்ளலாம் என்றார். ஆகவே, இனிச் செய்து அனுப்பவிருந்த இயந்திரங்களால் கிடைத்திருக்கக்கூடிய ஆதாயத்தையும் கணக்கிட்டு வங்கி ஈடு செய்ய வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் இது எழுதப்பட்ட சட்டமாகவே உள்ளது. அங்கு 1995இல் திருத்தப்பட்ட வணிகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் பகுதியின்படி, தவறாக மறுத்த வங்கி, மறுத்த தொகையையும் அதற்கான வட்டியையும் அதனால் நேரடியாக ஏற்பட்ட செலவுகளையும் தர வேண்டும். வழக்கில் வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தையும் தோற்றவர் தர வேண்டும். வங்கி வென்றால் அதன் கட்டணம் உங்கள் தலையில் விழும் என்பதையும் மறவாதீர். 'சரக்கை வேறொருவருக்கு விற்று இழப்பைக் குறைத்திருக்கலாமே' என்று வங்கி வாதிட முடியாது; உண்மையிலேயே விற்றிருந்தால் மட்டும் அந்தத் தொகை கழிக்கப்படும். ஆனால், பணம் வராததால் அடுத்த ஆர்டர் போயிற்று, தொழிற்கூடம் மூடப்பட்டது என்பன போன்ற தொடர் இழப்புகளுக்கு அச்சட்டம் ஈடு தராது. சட்டம் தரும் வட்டியைப் பெறுவது பற்றிய மார்க்கத் தீர்ப்பைத் தக்க ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக.

இந்தியாவில் எல்.சி.க்கென்று தனிச் சட்டம் இல்லை. யு.சி.பி. விதிகளும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் சேர்ந்தே வழிநடத்துகின்றன. அச்சட்டத்தின் 73ஆம் பிரிவு, ஒப்பந்தம் முறிந்ததால் இயல்பாக விளையும் இழப்புக்கும், முறிந்தால் இது விளையும் என்று இரு தரப்பும் முன்பே அறிந்திருந்த இழப்புக்கும் ஈடு உண்டு என்கிறது. தொலைதூர இழப்புக்கு இல்லை என்கிறது. ஒப்பந்த வழக்குகளுக்கு நம் நாட்டில் பொதுவாக மூன்று ஆண்டுக் கெடு உள்ளது. காத்திருந்து காலத்தைக் கழித்துவிடாதீர்கள்.

மோசடி என்னும் ஒரே வாசல்

தாள்கள் சரியாக இருந்தும் வங்கி நியாயமாக மறுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. விற்றவரே மோசடி செய்திருப்பதுதான் அது. இதற்கான முதன்மையான வழக்கும் நம் நாட்டுச் சரக்கைப் பற்றியதே. இலக்னோவைச் சேர்ந்த ஒரு கம்பெனி, தூரிகை செய்ய உதவும் முள்மயிர் அனுப்புவதாகச் சொல்லி, மாட்டு மயிரையும் குப்பையையும் பெட்டிகளில் அடைத்து அனுப்பிவிட்டதாக நியூயார்க்கில் வாங்கியவர் முறையிட்டார். முறையீடு உண்மையானால், இது தரக்குறைவு பற்றிய சச்சரவன்று, வேண்டுமென்றே செய்த மோசடி, அத்தகையவருக்கு எல்.சி. கேடயமாகாது என்று 1941இல் அங்குள்ள நீதிமன்றம் கூறியது.

அதே வேளையில், பிறர் செய்த பொய்க்கு விற்றவர் பொறுப்பல்லர். இங்கிலாந்திலிருந்து பெரு நாட்டுக்குக் கண்ணாடி இழை இயந்திரங்கள் அனுப்பப்பட்டன. 1976 டிசம்பர் 15க்குள் கப்பலேற்ற வேண்டும். ஏற்றியதோ 16ஆம் நாள். கப்பல் தரகரிடம் பணிபுரிந்த ஒருவர், விற்றவருக்குத் தெரியாமல் 15 என்று தேதியிட்டுவிட்டார். எல்.சி.யை உறுதி செய்திருந்த ராயல் பேங்க் ஆஃப் கனடா பணம் தர மறுத்தது. 1982இல் பிரபுக்கள் சபை, மோசடியில் பங்கில்லாத விற்பவருக்கு வங்கி பணம் தரக் கடமைப்பட்டது என்று தீர்த்தது.

ஆனால் அவ்வழக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. பெருவின் அந்நியச் செலாவணிச் சட்டத்தைத் தாண்டிப் பணத்தை வெளியே கொண்டுபோக, வாங்கியவர் கேட்டுக்கொண்டபடி விலைப்பட்டியலில் விலையை இரட்டிப்பாக்கி எழுதியிருந்தார்கள். பொய்யாகக் கூட்டிய அந்தப் பாதித் தொகையை நீதிமன்றம் வாங்கித் தரவில்லை. 'விலையைக் கூட்டி எழுதித் தாருங்கள்' என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் நம்மிடமும் வருவார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய மறுமொழி இத்தீர்ப்பில் இருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியவை

சகோதரியின் வீட்டாருக்கு: விலைக் குறைப்புக்கு உடனே தலையசைக்க வேண்டாம். சந்தை விலை சரியும்போது, தாளிலுள்ள சிறு பிழையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவது வணிக உலகில் பழைய தந்திரம். உங்கள் வங்கிக்குச் சென்று, 'ஸ்விஃப்ட்' வழியாக வந்த மறுப்புச் செய்தியின் நகலைக் கேளுங்கள். வழக்கமாக அது எம்.டி. 734 என்ற எண்ணுடைய செய்தியாக இருக்கும். அது ஐந்து வேலை நாள்களுக்குள் வந்ததா, குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறதா, தாள்களின் நிலையைச் சொல்கிறதா என்று பாருங்கள். எதிலேனும் தவறியிருந்தால், 16ஆம் பிரிவைச் சுட்டி உங்கள் வங்கி வழியாகவே எழுத்தில் பணம் கேளுங்கள்.

குறை உண்மையாக இருந்து, எல்.சி.யின் காலமும் தாள் சமர்ப்பிக்கும் கெடுவும் முடியாமல் இருந்தால், தாளைத் திருத்தி மீண்டும் கொடுக்கலாம். கெடு முடிந்து, மறுப்பும் முறையாக வந்திருந்தால், பேரம்தான் வழி. அப்போதும் எவ்வளவு குறைப்பு, எந்த நாளில் பணம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சரக்கின் உரிமைத் தாள்கள் இன்னும் வங்கியிடமே இருக்கின்றன என்பது பேரத்தில் உங்கள் பலம். தாளில் முரண்பாடு உண்டா இல்லையா என்பதிலேயே வழக்கு நின்றால், பன்னாட்டு வணிகச் சங்கம் 1997 முதல் நடத்திவரும் 'டாக்டெக்ஸ்' என்னும் வல்லுநர் தீர்வு முறையும் உண்டு. நீதிமன்றப் படியேறாமல், தாள்களை மட்டும் வைத்து வல்லுநர்கள் முடிவு சொல்வார்கள்.

மற்ற வாசகர்களுக்கு: எல்.சி. வந்த அன்றே ஒவ்வொரு வரியையும் படியுங்கள். 'வாங்குபவர் கையொப்பமிட்ட சோதனைச் சான்று வேண்டும்' என்றிருந்தால் கவனம். அவர் கையொப்பமிடாவிட்டால் உங்கள் தாள்கள் என்றும் முழுமையடையா. அத்தகைய வரியைச் சரக்கேற்றும் முன்பே திருத்தச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு திருத்தம் கேட்டால் அவர் மனம் வைத்தால்தான் உண்டு. சதுர அடியில் அளக்கும் தோலுக்கு, எல்.சி. தடுக்காதவரை, 5 சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம். பெறும் தொகை மட்டும் எல்.சி. தொகையைத் தாண்டக் கூடாது. ஜோடிக் கணக்கில் விற்கும் காலணிக்கு இந்தச் சலுகை இல்லை. எல்.சி. வேறு சொல்லாதவரை, கப்பலேறிய 21 நாள்களுக்குள் தாள்களைக் கொடுத்தாக வேண்டும். இருபதாம் நாள் வரை காத்திராதீர்கள். முன்னதாகக் கொடுத்தால், பிழை கண்டாலும் திருத்த நாள் இருக்கும். அறியாத நாட்டு வங்கியாக இருந்தால், நம்மூரிலுள்ள வங்கி ஒன்றின் உறுதிப்பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டணம் கூடும்; ஆனால் வாக்களித்தவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்.

தேதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைப்பது வீட்டிலுள்ள பெண்மணிகளும் படிக்கும் பிள்ளைகளும் எளிதில் செய்யக்கூடிய பணி. எல்.சி. வந்த நாள், கப்பலேறிய நாள், தாள் கொடுத்த நாள், வெளிநாட்டு வங்கிக்குத் தாள் சென்றடைந்த நாள், பதில் வந்த நாள் ஆகிய ஐந்தும் போதும். வங்கியின் முன் உங்களுக்காகப் பேசப்போவது அந்தப் பக்கம்தான்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் கூட்டு வாணிகத்தில் பங்காளிகள் எழுதிக்கொள்ள வேண்டிய ஒப்பந்தம் பற்றிக் காண்போம். வஸ்ஸலாம்.